பட்டறையில் நிற்கும் எஞ்சினை டோக்கனாக விற்கலாமா?

கேள்வி: 2025 ஏப்ரல் 22, காலை (தண்டையார்பேட்டை வாசகர்)

என் மைத்துனர் திருவொற்றியூரில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பணம் வராமல் மூன்று வண்டிகள் உள்ளேயே நிற்கின்றன. அந்த வண்டிகள் மீது அவருக்கு உள்ள பற்றுரிமையை (பாக்கி வரும்வரை பொருளை நிறுத்தி வைக்கும் உரிமையை) டிஜிட்டல் டோக்கனாக, அதாவது கணினியில் பங்கு பங்காகப் பதிந்து கைமாற்றும் சீட்டாக மாற்றி முதலீட்டாளர்களிடம் விற்றுத் தருகிறோம், பாக்கி ஒரே வாரத்தில் கைக்கு வரும் என்று ஒரு நிறுவனத்தார் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். சொத்துப் பாதுகாப்பு உள்ள டோக்கன் என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 22, இரவு

போடலாம் என்பதுதான் என் எண்ணம். என்னிடமும் போன வாரம் வந்தார்கள். நான் பாதி மனதோடு சரி என்று சொல்லியிருக்கிறேன்.

ராயபுரத்தில் சூரியநாராயண செட்டித் தெருவை ஒட்டிய சந்தில் படகு எஞ்சின் பட்டறை நடத்துகிறேன். அப்பா தொடங்கியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் கிடக்கும் இந்த இரண்டு மாதத்தில்தான் பெரிய வேலைகள் எல்லாம் எங்கள் தலையில் வந்து விழும். அதே இரண்டு மாதத்தில்தான் படகுக்காரர் கையில் காசும் இருக்காது. லைனர், பிஸ்டன், பேரிங், பம்ப் எல்லாவற்றையும் நாங்கள் கைக்காசு போட்டு வாங்கி மாட்டுவோம். உதிரிபாகக் கடைக்காரர் எங்களுக்குக் கடன் சொல்ல மாட்டார். வேலையாட்களுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். படகுக்காரர் பணம் கொடுக்கும்வரை எஞ்சின் மரக்கட்டைமேல் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் எங்களுக்குள்ள பிடி.

அந்தப் பிடிக்குச் சட்டத்தில் பெயர் பற்றுரிமை. பழைய பாக்கி, புதுப் பாக்கி என்று பாராமல் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொருளை நிறுத்தி வைக்கலாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே கொடுத்த உரிமை. அதை யாரோ ஒருவர் இன்றே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றால் எதற்குத் தடுக்க வேண்டும்? தங்கச் சங்கிலியை மின்ட் தெருவில் வைத்துப் பணம் வாங்குவதில்லையா, அதுபோல என்று நினைத்தேன்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆறு சிலிண்டர் எஞ்சின், பில் 1,85,000 ரூபாய். ஆயிரம் ரூபாய் முகமதிப்பில் 185 டோக்கன் போடுவார்கள். என் கைக்கு 1,50,000 வரும். படகுக்காரர் பணம் கட்டும்போது டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு முழுத்தொகை போகும். 35,000 விட்டுக்கொடுக்கிறேன், சரி. இரண்டு மாத மன உளைச்சல் மிச்சம்.

ஏப்ரல் 24

நேற்று அந்த நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். எஞ்சினைப் படமெடுத்துப் பதிவேற்ற வேண்டும், அதன் எண்தான் டோக்கனுக்கு அடையாளம் என்றார்.

எஞ்சின் எண் தகடு எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்பது தொழில்காரனுக்குத்தான் தெரியும். பக்கவாட்டில், பம்புக்குக் கீழே, இரண்டு ரிவெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். பல வருடக் கடல்காற்றில் ஒரு ரிவெட் போயே போய்விட்டது. தகடு ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. அந்தத் தம்பி வேஸ்ட் பஞ்சில் டீசல் தொட்டுத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கடைசி எண் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. டார்ச் அடித்தார். நான் விரலால் தடவிப் பார்த்தேன். 8 என்று எனக்குப் பட்டது. என் பட்டறைப் பையன் 3 என்றான். அந்தத் தம்பி 8 என்று போட்டுக்கொண்டார்.

"ஒருமுறை பிளாக்செயினில் ஏறிவிட்டால் யாராலும் மாற்ற முடியாது சார், அதுதான் இதன் பலம்" என்றார். பிளாக்செயின் என்றால் பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பதிவேடு.

அவர் போன பிறகு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஏறிய பிறகு மாற்ற முடியாது என்பது சரி. ஏறுவதற்கு முன்னால் என் விரல்தானே தடவிப் பார்த்தது? பத்துக் கணினிகள் சேர்ந்து காவல் காப்பது என் பட்டறைப் பையனும் நானும் ஒத்துப்போகாத ஓர் எண்ணை. எஞ்சின் உள்ளே இருக்கிறதா, நேற்று இரவு வெளியே போய்விட்டதா என்பதும் அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது. யாராவது ஒருவர் போய்ப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

ஏப்ரல் 25

முதல் குறிப்பில் எழுதியது தவறு. இங்கே வழக்கறிஞர் ஒருவர் சுட்டிக்காட்டினார். பழைய பாக்கிக்கும் சேர்த்துப் பொருளை நிறுத்தும் பொதுப் பற்றுரிமை 171-வது பிரிவில் வருகிறது. வங்கியர், தரகு வணிகர், துறைமேடைக்காரர், உயர் நீதிமன்ற வழக்கறிஞர், காப்பீட்டுத் தரகர் ஆகிய ஐந்து பேருக்குத்தான் அது இயல்பாக உண்டு. என்னைப் போன்ற பட்டறைக்காரனுக்கு உள்ளது 170-வது பிரிவு. எந்தப் பொருளில் என் உழைப்பையும் திறமையையும் செலுத்தினேனோ, அந்தப் பொருளை, அந்த வேலைக்கான கூலிக்காக மட்டும் நிறுத்தி வைக்கலாம். போன வருடப் பாக்கிக்காக இந்த வருட எஞ்சினைப் பிடிக்க வேண்டுமானால் அப்படி வெளிப்படையாகப் பேசிய ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

இருபது வருடமாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். எந்தப் படகுக்காரரும் கேட்டதில்லை.

ஏப்ரல் 29

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு. அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அதற்கு இடமிருக்கிறது.

பல மாநிலங்களில் சொத்துவரி கட்டாதவரின் வீட்டின் மீது உள்ளாட்சி நிர்வாகத்துக்குப் பற்றுரிமை உண்டாகிறது. அந்த உரிமையைச் சான்றிதழாக்கி ஏலம் விடுகிறார்கள். புளோரிடாவில் 18 சதவீத வட்டியிலிருந்து கீழ்நோக்கிக் கேட்பார்கள், அரிசோனாவில் 16 சதவீதத்திலிருந்து. குறைந்த வட்டி கேட்டவருக்குச் சான்றிதழ். அவர் வரியைக் கட்டிவிடுவார், வீட்டுக்காரர் வட்டியோடு திருப்ப வேண்டும். கட்டட வேலைக்கும் இப்படி ஒன்று உண்டு: கொத்தனாரும் பொருள் கொடுத்தவரும் கட்டடத்தின் மீதே உரிமை பதியலாம். 1791-இல் வாஷிங்டன் நகரம் எழும்பியபோது மேரிலாந்து மாநிலம் இயற்றிய சட்டம் அதற்கு முன்னோடி. நம் ஊரில் அப்படி இல்லை. வியாசர்பாடியில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டுக் கூலிக்கு அலையும் மேஸ்திரிக்கு அந்தச் சுவரில் ஒரு செங்கல் மீதும் பிடி கிடையாது.

அங்கே உரிமை அரசுப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. நிலம் எங்கும் ஓடிப்போகாது. வரி எவ்வளவு என்பதில் தகராறு குறைவு. அப்படிப்பட்ட ஒன்றை டோக்கன் ஆக்கினால் கை மாற்றுவது சுலபமாகும். அது எனக்குப் புரிகிறது.

அங்கேயும் எல்லாம் நேராக இல்லை. மினசோட்டாவில் ஜெரால்டின் டைலர் என்ற 94 வயது மூதாட்டியின் வரிப்பாக்கி, வட்டியும் அபராதமும் சேர்ந்து சுமார் 15,000 டாலர். ஹென்னபின் கவுன்டி அவருடைய வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்றது. மீதி 25,000 டாலரையும் அவருக்குத் தராமல் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். பாக்கிக்கு மேல் ஒரு காசு எடுத்தாலும் அது அந்த அம்மாளின் சொத்து. இதைப் படித்தபோது என் பட்டறையில் நிற்கும் எஞ்சின்தான் கண்ணுக்கு வந்தது. பாக்கி 1,85,000. எஞ்சினின் மதிப்பு அதைப்போல நான்கு மடங்கு இருக்கும்.

மே 3

ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தேன். பத்தொன்பது பக்கம். மகளும் உட்கார்ந்து படித்தாள்.

ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது: 90 நாளுக்குள் படகுக்காரர் பணம் கட்டாவிட்டால் எல்லா டோக்கனையும் முகமதிப்புக்கு நானே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பதினோராம் பக்கத்தில் அடுத்தது: நிறுவனத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் எஞ்சினை வெளியே விடக்கூடாது.

அப்படியானால் இது விற்பனையே இல்லை. வாராக்கடன் ஆகும் பயம் என்னிடமே இருக்கிறது. 1,50,000 வாங்கி 90 நாளில் 1,85,000 கட்டுகிறேன். மகள் கணக்குப் போட்டாள்: மூன்று மாதத்துக்கு 23 சதவீதத்துக்கு மேல். நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய எட்டு ரூபாய் வட்டி, ஆண்டுக்கு 95 சதவீதத்தை ஒட்டி வருகிறது. காசிமேட்டில் வட்டிக்கு விடுபவரிடம் நான் இதைவிடக் குறைத்து வாங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 22-ஆம் தேதி "35,000 விட்டுக்கொடுக்கிறேன், சரி" என்று எழுதியதை யாரும் நம்பிவிட வேண்டாம். நாள் கணக்கு போடாமல் எழுதிவிட்டேன்.

மே 4

வாங்குபவர் பக்கத்தையும் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பார்த்தேன். இந்த டோக்கன் வருமான வரிச் சட்டம் சொல்லும் விர்ச்சுவல் டிஜிட்டல் சொத்து என்ற வரையறைக்குள் வந்தால் லாபத்துக்கு 30 சதவீத வரி, 2022 முதல் அப்படி. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. கை மாறும்போது 1 சதவீதம் பிடித்தம் வேறு. கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஆயிரம் ரூபாய்க்கு என் எஞ்சினில் 185-இல் ஒரு பங்கு வாங்குகிறவருக்கு இத்தனையும் போக என்ன நிற்கும்?

மே 11

நேற்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து பில் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காரணம் இதுதான்.

170-வது பிரிவுக்குக் கீழே சட்டம் எழுதியவர்களே இரண்டு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது, பட்டை தீட்டாத வைரத்தை நகைக்காரரிடம் கொடுக்கிறார் ஒருவர். தீட்டி முடித்த கூலி வரும்வரை நகைக்காரர் அதை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, தையற்காரரிடம் கோட்டுத் துணி கொடுக்கிறார் ஒருவர். தைத்து முடித்ததும் கொடுத்துவிடுகிறேன், கூலிக்கு மூன்று மாதம் தவணை தருகிறேன் என்கிறார் தையற்காரர். இவர் கோட்டை நிறுத்தி வைக்க முடியாது. தவணை கொடுத்த கணத்தில் பிடி போய்விட்டது.

படித்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. என் பில் புத்தகத்தில் ஒவ்வொரு பில்லின் அடியிலும் ஒரு கோடு இருக்கும். அதில் எப்போது பணம் வரும் என்பதைப் படகுக்காரர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். அப்பாவின் பழக்கம் அது. இப்போது பாக்கி நிற்கும் ஏழு பில்லையும் விரித்துப் பார்த்தேன். "தடை முடிந்து இரண்டாம் நடையில்." "ஜூலைக்குள்." "தங்கை கல்யாணம் முடிந்து, ஆவணியில்." ஏழில் நான்கில் என் கையெழுத்திலேயே தவணை இருக்கிறது. அதன் கீழே அவர்களுடைய கையெழுத்தும் இருக்கிறது, ஒன்றில் கைநாட்டு.

அந்த நான்கு எஞ்சின் மீதும் எனக்குப் பற்றுரிமை இருக்கிறது என்று ஒரு வழக்கறிஞர் வாதாடிப் பார்க்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினால் போதும். இந்த நான்கையும் சேர்த்துத்தான் டோக்கன் போடலாம் என்று பேசியிருந்தார்கள். பில்லின் மேல்பகுதியை மட்டும்தான் அந்தத் தம்பி படமெடுத்தார்.

தண்டையார்பேட்டை வாசகருக்கு: உங்கள் மைத்துனரின் மூன்று வண்டிகளுக்கும் என்ன பேசினார், என்ன எழுதிக் கொடுத்தார் என்று முதலில் கேளுங்கள். "அடுத்த மாதம் கொடு" என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு.

மே 12

இன்னொன்றை விட்டுவிட்டேன், இதுதான் பெரியது. 170-வது பிரிவு நிறுத்தி வைக்கத்தான் உரிமை கொடுக்கிறது, விற்க உரிமை கொடுக்கவில்லை. அடகு பிடித்தவர் 176-வது பிரிவுப்படி நியாயமான அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பொருளை விற்கலாம். மின்ட் தெருச் சங்கிலிக்கும் என் எஞ்சினுக்கும் உள்ள வித்தியாசம் அது. என் முதல் குறிப்பில் இரண்டையும் ஒன்றாக்கியது பிழை. நான் எஞ்சினை விற்கவேண்டுமானால் ஒப்பந்தம் அதற்கு இடம் தர வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் போக வேண்டும். வைத்திருந்த நாளுக்கு இடவாடகை கேட்கலாமா என்றால் அதுவும் இல்லை. கப்பலைப் பழுதுபார்த்துக் கூலிக்காக நிறுத்தி வைத்த துறைக்காரர் நிறுத்திய நாட்களுக்கு வாடகை கேட்டார். 1860-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை முடியாது என்றது. உன் வசதிக்குத்தானே நிறுத்தி வைத்தாய் என்பதே அதன் சாரம்.

ஆக அந்த 185 டோக்கன் வாங்குகிறவர்களுக்குக் கிடைப்பது எஞ்சின் இல்லை, எஞ்சினின் விலையில் பங்கும் இல்லை. பூட்டைத் திறக்கமாட்டேன் என்று சொல்லும் உரிமையில் 185-இல் ஒரு பங்கு.

மே 18

மணலியில் சரக்குப் பெட்டக நிலையத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று வீட்டுக்கு வந்தான். "அண்ணே, உங்கள் எஞ்சின் சின்ன விஷயம். எங்களிடம் கண்டெய்னர் கண்டெய்னராக நிற்கிறது. அதைப் பற்றியும் எழுதுங்கள்" என்றான். எழுதுகிறேன்.

இறக்குமதி செய்தவர் வரவில்லை, அல்லது விலை விழுந்துவிட்டது என்று சரக்கைக் கைவிட்டுவிட்டார். கண்டெய்னர் கிடக்கிறது, வாடகை ஏறிக்கொண்டே போகிறது. சுங்கச் சட்டம் 48-வது பிரிவுப்படி, இறக்கிய 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை அறிவிப்புக் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதியோடு விற்கலாம். இதை டோக்கன் ஆக்கலாமே, இங்கே விற்கும் அதிகாரமும் இருக்கிறதே என்று நான் கேட்டேன்.

அவன் சிரித்தான். ஏலத்தில் வந்த பணம் யாருக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்று 150-வது பிரிவு சொல்கிறது. முதலில் ஏலச் செலவு. அடுத்து, முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்திருந்தால் கப்பல்காரரின் சரக்குக் கட்டணம். மூன்றாவது சுங்க வரி. நான்காவதாகத்தான் சரக்கைக் காத்து வைத்திருந்தவரின் வாடகை. போன வருடம் அவர்கள் நிலையத்தில் ஒரு பெட்டி முழுக்கப் பழைய துணி. ஈரம் பட்டு உள்ளே பூசணம். திறந்தபோது வாசலில் நின்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம். ஏலத்தில் வந்த பணம் வரியோடு நின்றுவிட்டது, பதினான்கு மாத வாடகைக்கு ஒரு ரூபாய் வரவில்லை. அந்த வாடகைக் கோரிக்கை அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் கடைசி நாள்வரை பெரிய தொகையாக, பாதுகாப்புள்ள பாக்கியாகவே நின்றது.

டோக்கனில் தொகை இருக்கும், கண்டெய்னர் எண் இருக்கும். வரிசையில் நான்காவது ஆள் நான் என்பது இருக்குமா?

மே 19

சித்தப்பா மகன் சொன்ன இன்னொன்று, சுருக்கமாக. கப்பலுக்கு வரிசை வேறு. 2017-ஆம் ஆண்டு கடல்சார் சட்டத்தில் முதல் இடம் மாலுமிகளின் சம்பளத்துக்கு. பிறகு உயிர்ச்சேதம், காயம். பிறகு கப்பலைக் காப்பாற்றியவரின் கூலி. துறைமுகக் கட்டணம் அதற்கும் கீழே. கப்பல் கை மாறினாலும், கொடி மாறினாலும் அந்த உரிமை கப்பலோடு ஒட்டிக்கொண்டே போகும். ஆனால் ஓராண்டில் செத்துவிடும், சம்பளத்துக்கு மட்டும் இரண்டாண்டு. அதற்குள் கப்பல் கைது செய்யப்பட்டு நீதிமன்ற ஏலம்வரை போயிருக்க வேண்டும். காலாவதியான பிறகும் அதன் டோக்கன் யாரோ ஒருவரின் கைப்பேசியில் அப்படியே மின்னிக்கொண்டிருக்கும் என்பதுதான் என் பயம். ஓராண்டு முடிந்ததை அதற்கு யாராவது சொல்ல வேண்டும்.

சம்பளத்தை முதலில் வைத்தார்களே, அந்தக் கையைக் கும்பிட வேண்டும்.

மே 30

"எல்லாவற்றுக்கும் குறை சொல்கிறீர்கள், பாக்கியில் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வழி என்ன" என்ற கேள்வி நியாயமானது. என் பணமும்தான் முடங்கிக் கிடக்கிறது.

எண்ணூர், மணலிப் பக்கம் பெரிய தொழிற்சாலைகளுக்கு வேலை செய்கிற சிறு பட்டறைக்காரர்களுக்கு வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி அனுமதித்த டிரெட்ஸ் தளங்களில் பில்லை ஏற்றினால், வாங்கிய நிறுவனம் அதை ஒப்புக்கொண்ட பிறகு, வங்கிகள் போட்டி போட்டுத் தள்ளுபடி விலையில் எடுத்துக்கொள்ளும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச்சுக்குள் அதில் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு சொன்னது. அங்கே விற்பது கடனை, பொருளின் மீதுள்ள பிடியை அல்ல. கடன்காரரே ஆம் என்று சொன்ன கடன். அதுதான் அதன் பலம். காசிமேட்டுப் படகுக்காரர் அந்தத் தளத்தில் இல்லை.

கடனை நான் தனியாகவும் எழுதிக் கொடுத்து மாற்றலாம். சொத்துரிமை மாற்றச் சட்டம் 130-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் கடன்காரருக்கு அறிவிப்புப் போக வேண்டும். போகாதவரை அவர் பழைய ஆளிடம் பணத்தைக் கொடுத்தாலும் கடன் தீர்ந்ததுதான். டோக்கன் ஒரு வாரத்தில் பத்துக் கை மாறினால் படகுக்காரருக்குப் பத்து முறை யார் சொல்வது? அவர் பனியனுக்குள்ளிருந்து பணத்தை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார், எப்போதும்போல. 132-வது பிரிவு இன்னொன்று சொல்கிறது. கடனை வாங்கியவர் அதன் குறைகளோடுதான் வாங்குகிறார். "கியர்பாக்ஸில் இன்னும் சத்தம் வருகிறது, பத்தாயிரம் குறைத்துக்கொள்" என்று படகுக்காரர் என்னிடம் சொல்லக்கூடியதை அந்தக் கோயம்புத்தூர்க்காரரிடமும் சொல்லலாம். அவர் வந்து கியர்பாக்ஸைக் கேட்டுப் பார்ப்பாரா?

கடனைப் பத்திரமாக்கும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம்கூட, ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் வரும் பற்றுரிமைக்குத் தான் பொருந்தாது என்று 31-வது பிரிவில் முதல் வரியிலேயே ஒதுக்கிவிட்டது. வீட்டுக்கடனைத் தொட்ட சட்டம் இதை வெளியே நிறுத்தியது. கையில் பொருள் இருக்கும்வரை உண்டு, கையை விட்டால் இல்லை என்ற ஒன்றை எப்படிப் பத்திரமாக்குவது?

ஜூன் 12

எஞ்சினை விட்டுவிட்டேன். அந்த 1,85,000 ரூபாய் எஞ்சின்தான். நிறுவனத்துக்கு வேண்டாம் என்று போன வாரமே சொல்லியாயிற்று.

படகுக்காரர் காலையில் வந்தார். என்னைவிட மூத்தவர், அப்பாவின் காலத்து வாடிக்கையாளர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் நாற்பதாயிரம் இருந்தது. பதினைந்தாம் தேதி எல்லாப் படகும் கிளம்புகிறது, முதல் நடையை விட்டால் ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணத்துக்குப் பதில் சொல்ல முடியாது என்றார். "தம்பி, எஞ்சின் உன்னிடம் இருந்தால் உனக்கும் காசு இல்லை, எனக்கும் இல்லை."

சட்டப்படி இருந்த ஒரே பிடி இது. இந்த பில்லில் தவணை எழுதியிருக்கவில்லை, மே 11-ஆம் தேதியே பார்த்துவிட்டேன். வெளியே விட்டால் 170-வது பிரிவு முடிந்தது. ஒரு நிமிடம் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு பையனைக் கூப்பிட்டுச் செயின் பிளாக்கை மாட்டச் சொன்னேன்.

எஞ்சின் தரையிலிருந்து ஓரடி எழும்பியபோது அடியில் மரக்கட்டை அழுந்திய தடம் இரண்டு தெரிந்தது. ஐம்பது நாளாக அங்கேயே இருந்திருக்கிறது. மினி லாரியில் இறக்கி, கயிறு கட்டி, அவர் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்து ஒரு கையால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டே போனார், கல்மண்டபம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினோராம் பக்க நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் இதை நான் செய்திருக்க முடியாது. எஞ்சின் அங்கேயே நின்றிருக்கும், படகு கரையில் நின்றிருக்கும். நிறுவனத்திடம் அனுமதி கேட்டு ஜூலையில் பதில் வந்திருக்கும். இரண்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த பதில் இதுதான் என்று எனக்குப் படுகிறது. எப்போது விட வேண்டும் என்று எனக்குத் தெரியும், அது தெரிவதால்தான் என் பிடிக்கு ஏதோ மதிப்பு. அந்த முடிவை விற்றுவிட்டால் நான் விற்றது வேறு எதையும்விடப் பெரிது.

ஜூன் 13

"உணர்ச்சிவசப்பட்டுவிட்டீர்கள், பணம் வராவிட்டால் என்ன செய்வீர்கள்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். வராவிட்டால் வழக்குப் போட வேண்டியதுதான், மூன்று வருடக் காலக்கெடு இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட பில் என்னிடம் இருக்கிறது.

ஜூலை 6

நாற்பதாயிரம் போக இதுவரை எழுபதாயிரம் வந்தது. இரண்டு தவணை. நோட்டுகள் ஈரம், ஐஸ் பெட்டி வாசனை.

மற்ற ஆறு பில்லில் இரண்டு இன்னும் அசையவில்லை. எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த இரண்டிலும் நான் எஞ்சினை விடவில்லை, விடப்போவதும் இல்லை. அந்த ஆட்களையும் எனக்குத் தெரியும்.

புதுப் பில் புத்தகம் அச்சடித்துவிட்டேன். கீழே இருந்த கோடு போய்விட்டது. அந்த இடத்தில், "முழுத்தொகை செலுத்திய பின்பே எஞ்சின் ஒப்படைக்கப்படும். முந்தைய பாக்கிக்கும் இது பொருந்தும். 60 நாள் கடந்தால் 15 நாள் அறிவிப்புக்குப் பின் விற்கும் உரிமை பட்டறைக்கு உண்டு" என்று தமிழில் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். மேலே சொன்ன வழக்கறிஞர் திருத்திக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

நவம்பர் 2

தண்டையார்பேட்டை வாசகர் மீண்டும் வந்திருக்கிறார். சென்னை உயர் நீதிமன்றமே போன மாதம் கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து என்று சொல்லிவிட்டதே, இப்போது டோக்கனை நம்பலாம்தானே என்கிறார். தீர்ப்பைப் பற்றிப் படித்தேன். அது சொத்து, ஒருவர் உடைமையாக வைத்துக்கொள்ளலாம், இன்னொருவர் பொறுப்பில் நம்பி ஒப்படைக்கவும் முடியும் என்கிறது. நல்ல தீர்ப்பு, பரிவர்த்தனைத் தளத்தில் பணத்தைப் போட்டுத் தவித்தவர்களுக்கு உதவும். ஆனால் அது டோக்கனைப் பற்றியது. உங்கள் மைத்துனரின் ஷெட்டில் நிற்கும் லாரியைப் பற்றியது அல்ல. லாரி போய்விட்டால் டோக்கன் சொத்தாக இருந்து என்ன பயன்?

வண்டிக்காரர் மூவரில் ஒருவரையாவது நேரில் வரச்சொல்லி, மைத்துனரை எதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். ஒரு வண்டி வெளியே போய் ஓடினால் மற்ற இரண்டுக்கும் இடமாவது கிடைக்கும்.

எங்கள் பெரியவர் நேற்று கடைசி இருபதாயிரத்தைக் கொண்டுவந்தார். ஐந்தாயிரம் குறைத்திருந்தார். பின்பக்க ஆயில் சீலில் கசிவு என்றார். இல்லை, இருக்காது என்றேன். "வந்து பார்" என்றார். இன்று காலை காசிமேடு போய்ப் படகில் இறங்கிப் பார்த்தேன். கசிவுதான். நாளை சீல் மாற்றுகிறேன்.